வரட்டித் தணலில் ஒரு வனபோஜனம்

அன்று ஒரு நாள் மட்டும் பக்சரில் கண் எரியாதவர் கிடையாது. பீஹாரின் மேற்குக் கோடியில், கங்கைக் கரையில் இருக்கும் இந்தச் சிறு நகரத்தின் கோட்டை மைதானத்திலும் படித்துறைகளிலும் காலையிலிருந்தே வரட்டிகள் புகைய ஆரம்பிக்கின்றன. மைதானத்தில் இடம் கிடைக்காதவர்கள் தெருவோரத்தில். அதுவும் கிடைக்காதவர்கள் மொட்டை மாடியில். எல்லோரும் சுடுவது ஒரே பண்டத்தை: லிட்டி.

1764 போருக்காகப் பள்ளியில் படித்து மறந்த ஊர்தான் இது. ஆனால் உள்ளூர்க்காரர்களுக்குப் பக்சர் என்றால் விசுவாமித்திரரின் ஆசிரமம். தாடகையை வதம் செய்த ராமனும் லட்சுமணனும் சுற்றியிருந்த ஐந்து ரிஷிகளின் ஆசிரமங்களுக்குப் போய், கொடுத்ததைச் சாப்பிட்டார்களாம். அந்தப் பாதையில் ஆண்டுதோறும் மார்கழி (வட இந்தியக் கணக்கில்; நமக்குப் பெரும்பாலும் நவம்பர்) தேய்பிறையில் ஐந்து நாள் நடக்கும் யாத்திரைதான் பஞ்சகோசி. தினமும் ஓர் ஊர், ஓர் உணவு. அஹிரௌலியில் பூவா எனும் இனிப்பு அப்பம், நதாவ்வில் கிச்சடி, அப்புறம் அவல் தயிர், பிறகு சத்து மாவும் முள்ளங்கியும். ஐந்தாம் நாள் பக்சரின் சரித்திரவனத்தில் லிட்டி - சோக்கா. பக்தி எவ்வளவு, பசி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க யாரும் முயல்வதில்லை. பெற்றோரை மறந்தாலும் பஞ்சகோசி லிட்டியை மறக்க முடியாது என்ற பொருளில் போஜ்புரியில் சொலவடையே உண்டு.

சத்து என்பது நம் வீட்டுக் குழந்தைகளுக்குக் கரைத்துத் தரும் சத்துமாவு அல்ல; வறுத்து அரைத்த கடலை மாவு. அதில் பூண்டு, இஞ்சி, பச்சைமிளகாய், கொத்தமல்லி, ஓமம், கருஞ்சீரகம், எலுமிச்சைச் சாறு, ஊறுகாய் மசாலா, கொஞ்சம் பச்சைக் கடுகெண்ணெய். கையில் இறுக்கினால் பிடியாக நிற்க வேண்டும், விட்டால் உதிர வேண்டும். ஈரம் கூடினால் உள்ளே களியாகிவிடும். குறைந்தால் தொண்டையில் அடைக்கும். கோதுமை மாவைச் சற்றுக் கெட்டியாகப் பிசைந்து, கிண்ணம்போல் குழித்து, பூரணம் வைத்து உருட்டுகிறார்கள்.

அவசரக்காரர்கள் தோற்பது நெருப்பில்தான். ஜ்வாலை இருக்கும்போதே போட்டால் மேலே கரி, உள்ளே பச்சை மாவு. அந்த ஜ்வாலை கத்தரிக்காய்க்கும் தக்காளிக்கும். அவற்றைச் சுட்டு, தோலுரித்து, உருளைக்கிழங்கோடு மசித்தால் சோக்கா. வரட்டி புகை அடங்கிச் சாம்பல் பூத்த பிறகே லிட்டிக்கு முறை. திருப்பித் திருப்பிப் போட அரை மணி நேரம் ஆகும். வெடிப்பு விட்டதும் துணியில் போட்டு உலுக்கிச் சாம்பலைத் தட்டி, பிட்டு, நெய்யில் முக்கி எடுக்கிறார்கள். சமையலறைப் பக்கமே வராத ஆண்கள்கூட அன்று அடுப்பை விட்டு நகருவதில்லை. மாவு பிசைந்தது யார் என்பது வேறு விஷயம்.

இதே வரட்டிப் புகையிலிருந்து பெண்களை மீட்பதற்கான உஜ்வலா எரிவாயுத் திட்டம் 2016 மே 1 அன்று தொடங்கப்பட்டது, கங்கைக்கு அக்கரையில் உள்ள பல்லியாவில்தான். வருடம் முழுதும் மூடிய சமையலறையில் ஊதுகுழலோடு மல்லாடியவர்களிடம் போய் வரட்டியின் மணத்தைச் சிலாகிக்க முடியாது. கேஸ் அடுப்பில் மூடி போட்டும் லிட்டி சுடலாம், சுடுகிறார்கள். வெந்துவிடும். ஆனால் அந்தச் சாம்பல் வாசனை வராது. மாடும் இல்லாமல் வரட்டி தட்டும் வழக்கமும் விட்டுப்போன நகர வீடுகள், திருவிழா நெருங்கும்போது வரட்டியைக் காசு கொடுத்து வாங்குகின்றன. குளிர்காலப் பனியோடு புகையும் சேர்ந்து தரையோடு தங்கிவிடுவதால் ஆஸ்துமாக்காரர்களுக்கு அன்று வீட்டுச் சிறைதான்.

இருட்டும் நேரத்தில் சில லிட்டிகள் தனியே எடுத்து வைக்கப்படுகின்றன. வெங்காயம் சேர்க்காதவை, நெய் படாதவை; அப்போதுதான் கெடாமல் தாங்கும். ஆறியதும் துணியில் முடிந்து, தில்லிக்கும் சூரத்துக்கும் வேலைக்குத் திரும்பும் பிள்ளைகளின் பையில் ஏறுகின்றன.