திடீரெனச் செயலிழக்கும் விசிறி மென்பொருள்: கேமிங் கணினியில் கோளாறைக் கண்டறிவது எப்படி?

புதுடெல்லி: விளையாட்டைத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே விசிறிகள் பேரிரைச்சல் எழுப்புகின்றன, அல்லது வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பின்னரும் மெதுவாகவே சுழல்கின்றன. விசிறிகளைக் கட்டுப்படுத்த வேண்டிய மென்பொருளோ திறக்க மறுக்கிறது; திறந்தாலும் சென்சார் எதுவும் இல்லை என்கிறது. கேமிங் டெஸ்க்டாப் வைத்திருப்போருக்குக் கோடைக்காலத்தில் இது பெரும் தலைவலி.

இத்தகைய நேரங்களில் சிலர் விண்டோஸின் பாதுகாப்பு அமைப்பையே அணைத்துவிட்டு மென்பொருளை இயக்குகின்றனர். விசிறி சுழலத் தொடங்கிவிடும். ஆனால் கணினிக்குள் நச்சுநிரல் நுழைவதற்கான வழியும் திறந்துவிடும். கோளாறு எங்கே உள்ளது என்பதை முறையாகக் கண்டறிந்தால் இந்த ஆபத்தான குறுக்குவழி தேவைப்படாது.

விசிறி எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது?

கணினி விசிறியின் வேகம் நான்கு அடுக்குகளைக் கடந்து தீர்மானிக்கப்படுகிறது. முதலாவது, விசிறியும் அதன் கம்பியும். இரண்டாவது, மதர்போர்டில் உள்ள 'சூப்பர் ஐஓ' எனப்படும் சிறிய சிப். தைவானைச் சேர்ந்த நுவோடான், ஐடிஇ ஆகிய நிறுவனங்களின் சிப்கள் இப்பணிக்குப் பரவலாகப் பயன்படுத்தப்படுகின்றன. சென்சார்களின் அளவைப் படிப்பதும், விசிறிக்கு வேகக் கட்டளை அனுப்புவதும் இந்தச் சிப்பின் வேலை.

கணினி இயங்கத் தொடங்கும்போது பயாஸ் இந்தச் சிப்புக்கு ஓர் அட்டவணையை வழங்குகிறது. எந்த வெப்பநிலையில் எவ்வளவு வேகம் என்பதைக் கூறும் அந்த அட்டவணையே 'ஃபேன் கர்வ்'. விண்டோஸ் இயங்காவிட்டாலும், எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும் விசிறி சுழல்வதற்கு இதுவே காரணம்.

மூன்றாவது அடுக்கு, விண்டோஸின் மையப் பகுதியில் இயங்கும் டிரைவர். நான்காவது, திரையில் நாம் காணும் மென்பொருள். சாதாரண மென்பொருளால் சூப்பர் ஐஓ சிப்பை நேரடியாக அணுக முடியாது. டிரைவரின் துணையோடுதான் அணுக முடியும். டிரைவர் முடங்கினால், மென்பொருளில் எந்தக் குறையும் இல்லாதபோதும் அது செயலற்றுப் போகும்.

2025 மார்ச்சில் நடந்தது என்ன?

இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு 'வின்ரிங்0' டிரைவர். ஜப்பானைச் சேர்ந்த நோரியுகி மியாசாகி உருவாக்கிய இந்தத் திறமூல டிரைவரை, வெப்பநிலையைக் கண்காணிக்கும் மென்பொருள்களும் விசிறி, வண்ண விளக்குக் கட்டுப்பாட்டு மென்பொருள்களும் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்தன.

2025 மார்ச் மாதத்தில் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இந்த டிரைவரை அச்சுறுத்தலாக அடையாளப்படுத்தித் தனிமைப்படுத்தத் தொடங்கியது. ஃபேன் கண்ட்ரோல், லிப்ரே ஹார்டுவேர் மானிட்டர், ஓபன்ஆர்ஜிபி உள்ளிட்ட மென்பொருள்கள் பாதிக்கப்பட்டன. நேற்றுவரை இயங்கிய மென்பொருள் இன்று ஏன் இயங்கவில்லை என்பது பயனர்களுக்கு விளங்கவில்லை.

ஆனால், அந்த எச்சரிக்கை வெற்று அச்சமன்று. வின்ரிங்0 டிரைவரில் உள்ள குறைபாடு 'சிவிஇ-2020-14979' என்ற எண்ணில் 2020ஆம் ஆண்டிலேயே பதிவு செய்யப்பட்டிருந்தது. குறைந்த அதிகாரம் கொண்ட நிரல்கூட இந்த டிரைவர் வழியாக நினைவகத்தின் எப்பகுதியையும் படிக்கவும் மாற்றவும் முடியும். அதன்மூலம் கணினியின் உச்ச அதிகாரத்தைக் கைப்பற்றவும் முடியும். இதைத் திருத்திய டிரைவரை வெளியிடுவதற்கு மைக்ரோசாஃப்டின் டிஜிட்டல் கையொப்பம் தேவை. அதற்கான செலவும் நடைமுறையும் தனிநபர் டெவலப்பர்களுக்கு எளிதானவையல்ல.

குறைபாடு ஏட்டளவில் நின்றுவிடவும் இல்லை. கட்டண மென்பொருள்களை இலவசமாக இயக்கித் தருவதாகக் கூறும் 'கிராக்' கோப்புகள் வழியாகப் பரவிய 'ஸ்டீல்ஃபாக்ஸ்' என்ற நச்சுநிரல் குறித்து, காஸ்பர்ஸ்கை நிறுவனம் 2024 நவம்பரில் எச்சரித்தது. அது வின்ரிங்0 டிரைவரைப் பயன்படுத்தியே உச்ச அதிகாரத்தைப் பெற்றது. உலாவியில் உள்ள தகவல்களைத் திருடியதோடு, பயனருக்குத் தெரியாமல் கிரிப்டோ நாணயச் சுரங்க நிரலையும் இயக்கியது. பாதிப்பு கண்டறியப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இடம்பெற்றிருந்தன. சுரங்க நிரல் இயங்கினால் பிராசசர் ஓய்வின்றி உழைத்துச் சூடாகும். விசிறியைக் கட்டுப்படுத்த வந்த டிரைவரே கணினியைச் சூடாக்கும் நிரலுக்கும் துணைபோனது.

விதிவிலக்கு அளிக்கலாமா?

டிஃபெண்டரில் பழைய டிரைவருக்கு விதிவிலக்கு அளிப்பது எளிது. ஆனால் அந்த டிரைவர் கணினியில் உள்ளவரை, வேறெந்த நிரலும் அதைத் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு நீடிக்கும். விண்டோஸ் 11இன் 2022ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், குறைபாடுள்ள டிரைவர்களைத் தடுக்கும் பட்டியல் இயல்பாகவே செயல்பாட்டில் உள்ளது. 'மெமரி இன்டெக்ரிட்டி' எனும் பாதுகாப்பும் இத்தகைய டிரைவர்களைத் தடுக்கக்கூடும். விசிறிக்காக இவற்றை அணைப்பது சரியான தீர்வன்று.

மென்பொருளைப் புதுப்பிப்பதே முறையான தீர்வு. ஃபேன் கண்ட்ரோலும் லிப்ரே ஹார்டுவேர் மானிட்டரும் பின்னர் 'பான்ஐஓ' என்ற வேறொரு டிரைவருக்கு மாறிவிட்டன. எனவே பழைய பதிப்பை முழுமையாக நீக்கிவிட்டு, டெவலப்பரின் அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து புதிய பதிப்பைப் பெறுவது நல்லது. நீண்டகாலமாகப் புதுப்பிக்கப்படாத மென்பொருளைக் கைவிடுவதே உத்தமம்.

பயாஸில் ஒரு சோதனை

கோளாறு வன்பொருளிலா, மென்பொருளிலா என்பதை ஐந்து நிமிடங்களில் பிரித்தறிய முடியும். கணினியை மறுதொடக்கம் செய்து, டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்திப் பயாஸுக்குள் செல்ல வேண்டும். விசிறிகளுக்கான பகுதி ஏசஸ் மதர்போர்டுகளில் 'கியூ-ஃபேன்' என்றும், ஜிகாபைட்டில் 'ஸ்மார்ட் ஃபேன்' என்றும், எம்எஸ்ஐயில் 'ஹார்டுவேர் மானிட்டர்' என்றும் காணப்படும்.

அங்கு ஒவ்வொரு விசிறியையும் முழு வேகத்துக்கு மாற்றிப் பார்க்கலாம். அந்நேரத்தில் விண்டோஸ் இயங்காததால் எந்த மென்பொருளும் குறுக்கிட முடியாது. விசிறி வேகமெடுத்தால், விசிறி, கம்பி, சிப் மூன்றும் நலமாக உள்ளன. கோளாறு விண்டோஸ் பக்கத்தில் உள்ளது. வேகமெடுக்காவிட்டால், எத்தனை மென்பொருளை மாற்றி நிறுவினாலும் பயனில்லை. கேபினட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

கிராபிக்ஸ் கார்டின் விசிறிகளுக்கும், யுஎஸ்பி வழியாக இணைக்கப்பட்ட விசிறிக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கும் இச்சோதனை பொருந்தாது. அவை பயாஸின் கட்டுப்பாட்டில் இல்லை. பல கிராபிக்ஸ் கார்டுகளில் வெப்பம் குறைவாக உள்ளபோது விசிறிகள் முற்றிலும் நின்றுவிடுவது இயல்பான செயல்பாடே, அது கோளாறன்று.

மூன்று முனையா, நான்கு முனையா?

மூன்று முனை கொண்ட விசிறியின் வேகம் மின்னழுத்தத்தை மாற்றுவதன் மூலம் கட்டுப்படுத்தப்படுகிறது. நான்கு முனை கொண்ட விசிறிக்கு எப்போதும் 12 வோல்ட் மின்சாரம் செல்லும். நான்காவது கம்பியில் வரும் 'பிடபிள்யூஎம்' துடிப்புகளே வேகத்தைத் தீர்மானிக்கும். மூன்று முனை விசிறியை இணைத்துவிட்டு, பயாஸில் பிடபிள்யூஎம் முறையைத் தேர்ந்திருந்தால், அது எப்போதும் முழு வேகத்தில்தான் சுழலும். இத்தகைய இரைச்சலுக்கு மென்பொருளைக் குறைகூறிப் பயனில்லை. பயாஸில் 'டிசி' முறைக்கு மாற்றினால் போதும்.

வேகத்தைத் திருப்பித் தெரிவிப்பது மூன்றாவது கம்பி. ஒரே இணைப்பில் பிரிப்பான் மூலம் பல விசிறிகளை இணைத்தால், ஒரு விசிறியின் வேகம் மட்டுமே திரையில் தெரியும். மற்றொன்று நின்றுபோனாலும் மென்பொருள் அதைக் காட்டாது. திரவக் குளிர்விப்பான் பயன்படுத்துவோர், அதன் பம்பைச் சாதாரண விசிறிபோல் வேகம் குறைத்து ஓடவிடாமல், தயாரிப்பாளர் கூறும் நிலையான வேகத்தில் வைக்க வேண்டும்.

ஒரு சிப்பை இரு மென்பொருள்கள் ஆளக் கூடாது

மதர்போர்டு நிறுவனத்தின் மென்பொருள், விசிறி நிறுவனத்தின் மென்பொருள், தனியாக நிறுவிய மற்றொன்று என மூன்றும் ஒரே நேரத்தில் இயங்கும் கணினிகள் உண்டு. அவை ஒரே சிப்பை அணுகி முரண்பட்ட கட்டளைகளை அனுப்பும்போது, விசிறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை அளவுகளும் தவறாக வரக்கூடும். கட்டுப்பாட்டுப் பொறுப்பை ஒரே மென்பொருளிடம் விட்டுவிட்டு, டாஸ்க் மேனேஜரின் 'ஸ்டார்ட்அப்' பகுதியில் மற்றவற்றை நிறுத்த வேண்டும்.

மென்பொருள் பாதியில் செயலிழந்தால், அது கடைசியாக அனுப்பிய வேகத்திலேயே விசிறி நின்றுவிடும் வாய்ப்பும் உண்டு. பிராசசர் ஓய்வாக இருந்தபோது அனுப்பிய 30 சதவீதக் கட்டளை, விளையாட்டின் நடுவிலும் தொடரும் என்பதே இதன் பொருள். மறுதொடக்கம் செய்தால் பயாஸின் அட்டவணை மீண்டும் நடைமுறைக்கு வரும். இதற்கு 'ரீஸ்டார்ட்' கட்டளையையே பயன்படுத்த வேண்டும். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி இயங்கும் கணினியில் 'ஷட் டவுன்' செய்தால், டிரைவர்களின் பழைய நிலை சேமிக்கப்பட்டு மறுமுறையும் அப்படியே திரும்பும்.

எந்த அளவை நம்புவது?

திரையில் தெரியும் எல்லா அளவுகளும் உண்மையல்ல. சென்சார் இணைக்கப்படாத முனைகளுக்கும் சிப் ஓர் எண்ணைக் காட்டும். 127 டிகிரி என்றோ, பூஜ்ஜியத்துக்குக் கீழான எண் என்றோ மாறாமல் நிற்கும் அளவு பெரும்பாலும் அத்தகையதே. அதை ஃபேன் கர்வுக்கு அடிப்படையாகத் தேர்ந்தெடுத்தால் விசிறி ஓயாமல் அலறும், அல்லது அசையாது. ஏஎம்டியின் முதல் தலைமுறை ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசசர்கள் உண்மை அளவைவிட 20 டிகிரி கூட்டிக் காட்டுமாறே வடிவமைக்கப்பட்டிருந்தன.

அதேபோல், அதிக வெப்பநிலை எல்லாமே ஆபத்தின் அறிகுறியன்று. ரைசன் 7000 வரிசையின் எக்ஸ் வகைப் பிராசசர்கள் கடும் பணியின்போது 95 டிகிரி வரை செல்லுமாறு உருவாக்கப்பட்டவை. இன்டெலின் பல டெஸ்க்டாப் பிராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரி. வரம்பை எட்டும்போது பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால் கணினி அணைந்துவிடும். எனவே விசிறி நின்றவுடன் பிராசசர் எரிந்துவிடும் என அஞ்சத் தேவையில்லை. எனினும் விளையாட்டு தடுமாறும். சேமிக்காத பணிகள் இழக்கப்படும். சுற்றியுள்ள பாகங்களின் ஆயுளும் குறையும்.

ஜனவரியில் அமைத்தது மே மாதத்துக்கு உதவுமா?

விசிறியால் அறையின் வெப்பநிலைக்குக் கீழே எந்தப் பாகத்தையும் குளிர்விக்க முடியாது. அறையில் வெப்பம் 15 டிகிரி உயர்ந்தால், அதே பணியைச் செய்யும் பிராசசரின் வெப்பமும் ஏறத்தாழ அதே அளவு உயரும். டெல்லியின் ஜனவரிக் குளிரில் 15 டிகிரி அறையில் அமைத்த ஃபேன் கர்வ், குளிர்சாதன வசதியற்ற அறை 38 டிகிரியைத் தொடும் மே மாதத்தில் பொருந்தாது. மென்பொருள் பழுதானதாகத் தோன்றும் பல நேரங்களில் மாறியிருப்பது பருவம் மட்டுமே.

காற்றுக் குளிர்விப்பான் உள்ள பிராசசருக்கு, 40 டிகிரியில் 30 சதவீதம், 60இல் 50 சதவீதம், 75இல் 75 சதவீதம், 85இல் முழு வேகம் என்பது தொடங்குவதற்கு ஏற்ற அமைப்பு. ஓரிரு டிகிரி மாற்றத்துக்கெல்லாம் வேகம் மாறாதிருக்க, சில விநாடித் தாமதத்தையும் மூன்று டிகிரி இடைவெளியையும் சேர்த்தால் ஏற்ற இறக்க இரைச்சல் அடங்கும். விளையாட்டின்போது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டே அதிக வெப்பத்தை வெளியிடுவதால், கேபினட் விசிறிகளைப் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டில் எது அதிகச் சூடோ அதைப் பின்பற்றுமாறு அமைக்கலாம். பயாஸில் பொதுவாக இவ்வசதி இராது. மென்பொருளின் உண்மையான பயன் இங்குதான் உள்ளது.

செய்ய வேண்டியவை, வரிசையாக

1. மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, வடிகட்டியிலும் ஹீட்சிங்கிலும் படிந்த தூசியை அகற்ற வேண்டும். காற்றைப் பீய்ச்சும்போது விசிறி இதழ்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

2. பயாஸில் முழு வேகச் சோதனை செய்து, பிடபிள்யூஎம் அல்லது டிசி முறையைச் சரிபார்க்க வேண்டும்.

3. கோடைக்கும் போதுமான ஃபேன் கர்வைப் பயாஸிலேயே அமைத்துச் சேமிக்க வேண்டும்.

4. விண்டோஸில் ஒரே ஒரு கட்டுப்பாட்டு மென்பொருளின் புதிய பதிப்பை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும்.

5. விண்டோஸ் செக்யூரிட்டியின் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி' பகுதியில் டிரைவர் தடுக்கப்பட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். தடுக்கப்பட்டிருந்தால் மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். பாதுகாப்பை அணைக்கக் கூடாது.

6. எந்தப் பணியும் இல்லாதபோதும் கணினி சூடாக இருந்தால், டாஸ்க் மேனேஜரைப் பார்த்துவிட்டு முழுமையான நச்சுநிரல் சோதனை நடத்த வேண்டும்.

இவற்றில் மூன்றாவதே முதன்மையானது. மென்பொருள் எந்த நாளிலும் செயலிழக்கலாம். ஒரு புதுப்பிப்பு அதைத் தடுக்கலாம். பயாஸில் நல்ல அடிப்படை அமைப்பு இருந்தால், மென்பொருள் நின்ற நாளிலும் கணினி குளிர்ச்சியாகவே இயங்கும். அதைச் சரிசெய்ய அவசரப்பட்டுப் பாதுகாப்பை விட்டுக்கொடுக்கும் நெருக்கடியும் ஏற்படாது.