சக்கரத்து அழுக்கும் இரண்டு மருந்துகளும்

காலைப் பிரார்த்தனைக்கு நாங்கள் வரிசையில் நிற்கும்போது எங்கள் பாட்டோடு சேர்ந்து ஒலிப்பது லாரிகளின் ஓசை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே, முன்பு 7 என்றும் இப்போது 44 என்றும் எண் பெற்ற தேசிய நெடுஞ்சாலை நம் புதுச்சத்திரம் வழியாகத்தான் போகிறது. எங்களில் பலருடைய அப்பாக்கள் ஓட்டுநர்கள். சிலருடைய அப்பாக்கள் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் வேலை செய்கிறார்கள். எனவே சக்கரத்தைப் பற்றி நாங்கள் எழுத வந்ததில் வியப்பில்லை. ஆனால் எழுதத் தூண்டியது ஒரு வருத்தமான நிகழ்ச்சி.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பா ஒரு முதலாளியிடம் கார் ஓட்டுகிறார். அந்தக் காருக்கு அலாய் வீல், அதாவது அலுமினியக் கலவையால் ஆன பளபளப்பான சக்கரம். சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு முதல் நாள், எவ்வளவு தேய்த்தும் போகாத பழுப்புப் புள்ளிகளைப் போக்க, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தார். “ஆசிட் போட்டா பளிச்சுனு ஆயிரும்னு யாரோ சொன்னாங்களாம்” என்றாள் தோழி. பளிச்சென்று ஆகவில்லை. நான்கு சக்கரங்களிலும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. அவருடைய விரல்களும் வெந்து போயின. சக்கரங்களுக்கு மறுபடி வண்ணம் பூசிய செலவு அவருடைய சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கப்பட்டது. அந்த ஆண்டு அவள் சுற்றுலாவுக்கு வரவில்லை. காரணம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் வேறு எதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வியோடு வேதியியல் ஆசிரியையிடம் போனோம். அவர் விடை சொல்லவில்லை. “முதலில் அந்த அழுக்கு எதனால் ஆனது என்று கண்டுபிடித்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

அழுக்கு என்றால் மண் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பட்டறையில் விசாரித்தபோது வேறு கதை தெரிந்தது. காரின் முன்சக்கரத்துக்குள் வார்ப்பிரும்பால் ஆன வட்டத் தட்டு ஒன்று சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. பிரேக்கை மிதித்தால் இரண்டு பேட்கள் அந்தத் தட்டை இருபுறமும் கவ்விப் பிடிக்கின்றன. இதுவே டிஸ்க் பிரேக். ஒவ்வொரு முறை கவ்வும்போதும் பேடும் தேய்கிறது, தட்டும் தேய்கிறது. தேய்ந்த இரும்பு கண்ணுக்குத் தெரியாத பொடியாகச் சூட்டோடு பறந்து, பக்கத்திலேயே இருக்கும் சக்கரத்தின் மேற்பூச்சில் போய் ஒட்டுகிறது, சில இடங்களில் பதிந்தும் விடுகிறது. பிறகு பனியும் மழையும் பட்டு அந்த இரும்பு துருப்பிடிக்கிறது. நாம் காணும் பழுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சிறு துருப்பிடித்த இரும்புத் துகள். துருப்பிடிப்பது சக்கரம் அல்ல, சக்கரத்தில் குடியேறிய இரும்பு. அலுமினியத்தில் பழுப்புத் துரு வராது என்பதை எட்டாம் வகுப்புத் தங்கைகளும் சொல்வார்கள்!

(சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டு 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கினார் என்று படித்திருக்கிறோம். இரும்பை எடுக்க அவ்வளவு பாடுபட்ட மண்ணில் இருந்துகொண்டு, அதைத் துடைக்க வழி தேடுகிறோம்.)

ஆக, சக்கரத்தில் இரண்டு விதமான அழுக்கு இருக்கிறது. ஒன்று மண், எண்ணெய்ப் பிசுக்கு, சாலைப் புகைக்கரி. மற்றொன்று இரும்பு. இவ்விரண்டையும் ஒரே பொருளால் போக்க முடியாததன் காரணத்தை எங்கள் வெள்ளைச் சீருடையே சொல்லிக் கொடுத்தது. சட்டையில் சேறு பட்டால் சோப்புப் போட்டு அலசினால் போதும். பெஞ்சின் துருப்பிடித்த ஆணி உரசிப் பழுப்புக் கறை பட்டால்? எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அம்மாவின் கைதான் வலிக்கும். அங்கே எலுமிச்சைச் சாறும் உப்பும் வேண்டும். சோப்பு அழுக்கைப் பிடிப்பிலிருந்து தளர்த்தி நீரோடு அனுப்புகிறது. எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலமோ துருவோடு வேதிவினை புரிந்து, அதை நீரில் கரையும் பொருளாக மாற்றிவிடுகிறது. ஒன்று கழுவுகிறது, மற்றொன்று மாற்றுகிறது.

கடையில் விற்கும் இரண்டு திரவங்களுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. வீல் கிளீனர் என்பது பெரும்பாலும் சோப்பின் இனம். மண்ணையும் பிசுக்கையும் தளர்த்தும். அயர்ன் ரிமூவர் என்பது எலுமிச்சையின் வேலையைச் செய்வது. ஆனால் அதில் இருப்பது எலுமிச்சை அல்ல, பெரும்பாலும் தயோகிளைகோலேட் என்ற கந்தகச் சேர்மம். அழகு நிலையத்தில் நேரான முடியைச் சுருட்டும் மருந்திலும், வேண்டாத முடியை நீக்கும் களிம்பிலும் இருப்பது இந்தக் குடும்பத்துப் பொருள்தான். மணமும் அதே மணம். முட்டைக்குப் பேர்போன மாவட்டத்தில் வளரும் எங்களுக்கு, அழுகிய முட்டை எப்படி மணக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

தயோகிளைகோலேட் இரும்பைச் சந்தித்தால் சிவப்பு கலந்த ஊதா நிறம் தோன்றுகிறது. நிறமற்ற திரவத்தைச் சக்கரத்தில் தெளித்ததும் ஓரிரு நிமிடத்தில் ஊதாக் கோடுகள் வழிவதைப் பார்த்தால் ஏதோ மாயம் போலிருக்கும். மாயம் ஒன்றுமில்லை. பிளஸ் டூ செய்முறை வகுப்பில், இரும்பு உப்புக் கரைசலில் பொட்டாசியம் பெர்ரோசயனைடு விட்டதும் அடர்நீலம் வருகிறதே, அதுபோன்ற அடையாளம்தான் இது. ஊதா வந்தால் அங்கே இரும்பு இருந்தது என்று பொருள். சக்கரம் முழுவதும் சுத்தமாகிவிட்டது என்று பொருள் அல்ல. தார் ஒட்டியிருந்தால் அது அப்படியே இருக்கும். அதற்கு வேறு கரைப்பான் வேண்டும்.

இவ்வளவும் படித்தறிந்தது. கண்ணால் பார்க்க வேண்டாமா? பெற்றோர் ஒருவர் அன்போடு தம் காரைத் தந்தார். கையுறை அணிந்து, ஆசிரியை உடனிருக்க, முன்சக்கரத்தில் வீல் கிளீனரையும் பின்சக்கரத்தில் அயர்ன் ரிமூவரையும் போட்டோம். பின்சக்கரத்தில் ஊதா மிகக் குறைவாகவே வந்தது. “வீண் செலவு” என்று தீர்ப்பு எழுதியே விட்டோம். ஆசிரியை சிரித்தார். “பிரேக் போட்டால் நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்?” என்றார். முன்பக்கம்! வண்டியின் எடையும் அப்போது முன்பக்கம் சாய்வதால், முன் பிரேக்குகளே அதிக வேலை செய்கின்றன. முன்சக்கரங்களில்தான் இரும்புப் பொடியும் அதிகம். போதாக்குறைக்கு அந்தக் காரின் பின்சக்கரத்தில் இருந்தது டிரம் பிரேக். அதன் பொடியில் பெரும்பகுதி டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். சமமில்லாத இரண்டை ஒப்பிட்டு நாங்கள் ஏமாந்திருந்தோம்.

மறுவாரம், கழுவாத மற்றொரு முன்சக்கரத்தையே எடுத்துக்கொண்டோம். அதற்கு ஐந்து ஆரக்கால்கள். ஒன்றில் வெறும் நீர், ஒன்றில் பாத்திரம் துலக்கும் சோப்பு, ஒன்றில் வீல் கிளீனர், ஒன்றில் அயர்ன் ரிமூவர் மட்டும், ஐந்தாவதில் வீல் கிளீனர் போட்டுக் கழுவியபின் அயர்ன் ரிமூவர். வெறும் நீரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சோப்பும் வீல் கிளீனரும் மண்ணை நன்றாகவே போக்கின. கறுப்புப் பிசுக்கில் வீல் கிளீனர் ஒரு படி மேல். ஆனால் இரண்டிலும் பழுப்புப் புள்ளிகள் அசையவில்லை, தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. அயர்ன் ரிமூவர் மட்டும் போட்ட கால் எங்களை மறுபடியும் ஏமாற்றியது. ஊதா திட்டுத்திட்டாகத்தான் வந்தது. மேலே படிந்த மண்ணும் பிசுக்கும் மருந்தை உள்ளே விடவில்லை. ஐந்தாவது காலில்தான் ஊதா நிறம் சீராக வழிந்தது. கழுவித் துடைத்தபின் அந்த ஒரு கால் மட்டும் கண்ணாடிபோல் வழுவழுத்தது. அதன்மேல் மறுபடி தெளித்தபோது நிறம் ஏறக்குறைய வரவே இல்லை.

ஆகவே “எது சிறந்தது?” என்ற கேள்வியே சரியில்லை. வாராவாரம் கழுவுவதற்கு வீல் கிளீனரோ சோப்போ போதும். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை, தடவிப் பார்த்துச் சொரசொரப்பு இருந்தால் மட்டும், அதற்குப் பின் அயர்ன் ரிமூவர். இரண்டையும் ஒரே குப்பியில் கலந்து விற்பதும் உண்டு. வசதிதான், ஆயினும் பிசுக்கு அதிகமுள்ள சக்கரத்தில் தனித்தனியாகச் செய்வதே மேல் என்பது எங்கள் கருத்து.

இனி ஆசிட்டுக்கு வருவோம். கழிவறை ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது துருவைக் கரைக்கும், பொய்யில்லை. ஆனால் மேற்பூச்சில் கீறல் உள்ள இடமெல்லாம் நுழைந்து அலுமினியத்தையும் தின்றுவிடும். தோழியின் அப்பா கண்ட வெள்ளைத் திட்டு அதுதான். ஆசிட் கெடுதல் என்று காஸ்டிக் சோடாவை எடுத்தாலும் அதே கதி. அலுமினியத்துக்கு அமிலமும் ஆகாது, காரமும் ஆகாது. சலவைச் சோடாவில் ஊறிய அலுமினியச் சட்டி கறுத்துப்போவதை அடுக்களையில் பார்த்திருப்பீர்கள். நல்ல அயர்ன் ரிமூவர்கள் பெரும்பாலும் ஏறக்குறைய நடுநிலையானவை என்பதே அவற்றின் பெருமை.

வீல் கிளீனர் என்ற பெயரிலேயே கடும் அமிலம் கலந்தவையும் விற்கின்றன. அவற்றில் ஹைட்ரோபுளோரிக் அமிலம், அல்லது அம்மோனியம் பைபுளோரைடு என்று எழுதியிருந்தால் தொடவே வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். ஹைட்ரோபுளோரிக் அமிலம் நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமலும் போகலாம். பல மணி நேரம் கழித்துத்தான் வலி தொடங்கும். அதற்குள் உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். பட்டுவிட்டால் உடனே நிறைய நீரில் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் களிம்பு அதற்கான மருந்து. இன்னொன்று, எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கக் கூடாது. குளோரின் நச்சுவாயு கிளம்பும். இது வண்டிக்கு மட்டுமல்ல, வீட்டுக் குளியலறைக்கும் பொருந்தும்.

செய்யும் முறை எளிது. வண்டி ஓடி வந்தவுடன் செய்யக் கூடாது. சக்கரம் கைபொறுக்க ஆற வேண்டும், நிழலில் நிற்க வேண்டும். நம் ஊர் வெயிலில் மருந்து நிமிடத்தில் காய்ந்து கறையாகிவிடும். முதலில் வெறும் நீர், பிறகு வீல் கிளீனர், பிறகு நன்றாக அலசல். அதன்பின் அயர்ன் ரிமூவரைத் தெளித்து, குப்பியில் எழுதியுள்ள நேரம், பெரும்பாலும் சில நிமிடங்களே, காயவிடாமல் வைத்திருந்து மென்மையான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். உள்ளே தெரியும் பிரேக் தட்டிலும் ஊதா வழியும். பயப்பட வேண்டாம், அது இரும்புத் தட்டுதானே! கழுவியபின் வண்டியை மெதுவாக நகர்த்தி இரண்டு மூன்று முறை பிரேக் போட்டுப் பார்த்தால் ஈரம் போய்விடும். கழுவிய நீர் கிணற்றுப் பக்கமோ மாட்டுத் தொட்டிப் பக்கமோ போகாமல் பார்த்துக்கொள்க.

லாரிக்கு அயர்ன் ரிமூவர் வாங்கலாமா என்று பல அப்பாக்கள் கேட்டார்கள். வேண்டாம் என்பதே எங்கள் பதில். லாரியின் சக்கரம் பெரும்பாலும் வண்ணம் பூசிய எஃகு. வண்ணம் உரிந்த இடத்தில் மருந்து பட்டால் சக்கரத்தின் சொந்த இரும்பே ஊதாவாக வழியும், காசுதான் வீண். அங்கே துருவைச் சுரண்டிவிட்டுப் பிரைமர் அடிப்பதே வழி. ஆனால் பட்டறையில் வேலை செய்யும் அப்பாக்களுக்கு ஒரு விண்ணப்பம். டிரம்மைக் கழற்றியதும் உள்ளிருக்கும் பொடியைக் காற்றுக் குழாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் நுண்ணிழைகள் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து நோயாகும். ஈரத் துணியால் துடைத்து எடுங்கள், முகத்தைத் துணியால் மூடிக்கொள்வது மட்டும் போதாது.

தோழியின் அப்பாவிடம் எங்கள் ஐந்து ஆரக்கால் சோதனையின் படத்தைக் கொடுத்தோம். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “இதை முதலாளிக்கும் காட்டட்டுமா, கண்ணுகளா?” என்று கேட்டார். காட்டினாராம். இப்போது அந்தக் காருக்கான இரண்டு குப்பிகளையும் முதலாளியே வாங்கித் தருகிறார்.