பூட்டை எங்கே போடுவது?

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பையன்கள் கூடிவிடுவார்கள். தங்கை மகனும் அவனோடு படிக்கும் கூட்டாளிகளும். ஆளுக்கொரு போன், காதில் ஹெட்செட். பக்கத்தில் இருப்பவன் முகத்தைக்கூடப் பார்க்காமல் கத்திக் கத்தி ஃப்ரீ ஃபயர் ஆடுவார்கள். "மச்சான், லேக் அடிக்குது", "கவர் எடு", "என்னை ரிவைவ் பண்ணுடா." போன விடுமுறையில் அந்தச் சத்தத்துக்கு நடுவே ஒரு தர்க்கம் எழுந்தது. "நெட்டை அரசாங்கம் கன்ட்ரோல் பண்ணத்தான் வேணும், இல்லாட்டி திகன மாதிரி இன்னொண்ணு நடக்கும்" என்றான் ஒருவன். "கன்ட்ரோல் பண்ண விட்டா முதல்ல போறது நம்ம கேம்தான்" என்றான் மற்றவன். மருமகன் என் பக்கம் திரும்பி, "மாமா, நீங்க சொல்லுங்க, யார் சரி?" என்றான்.

சட்டென்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இருவர் சொன்னதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. அவையெல்லாம் நடந்தபோது பையன்களுக்கு விவரம் தெரியாத வயது. அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

கண்டியிலிருந்து மஹியங்கனைக்குப் போகும் ஏ-26 வீதியில் குண்டசாலையைத் தாண்டினால் பலகொல்ல, கெங்கல்ல, அப்புறம் திகன, அதற்கும் அப்பால் தெல்தெனிய. திகன எங்கள் குண்டசாலைப் பிரதேச செயலகப் பிரிவுக்குள்தான் வருகிறது. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி இரவு தெல்தெனியவில் ஒரு சிங்கள லொறிச் சாரதியைச் சிலர் அடித்தார்கள். மார்ச் 3ஆம் திகதி அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். அடித்தவர்கள் முஸ்லிம்கள். ஒரு சில பேர் செய்த குற்றம் இரண்டே நாளில் ஊர் முழுவதன் தலையிலும் விழுந்தது. மார்ச் 5ஆம் திகதி திகனயில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீட்டுக்குள் சிக்கி ஓர் இளைஞர் உயிரிழந்தார். அடுத்த நாள் நாடு முழுவதும் அவசரகால நிலை.

கூட்டம் தானாகக் கூடவில்லை. எங்கே சேர வேண்டும், எப்போது சேர வேண்டும் என்பது போனில்தான் பரவியது. அதற்கு முன்பே மண் காய்ந்து கிடந்தது. பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் இருந்த மாவுக் கட்டியைப் பிடித்து, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யும் மாத்திரை என்று பரப்பினார்கள். அப்படி ஒரு மாத்திரையே உலகில் கிடையாது. ஆனாலும் அந்த வதந்தி கண்டிக்கு வந்து சேர்ந்தது. சிங்களத்தில் எழுதப்பட்ட வெறுப்புப் பதிவுகளை மக்கள் பேஸ்புக்குக்கு முறையிட்டபோது, எங்கள் விதிகளுக்கு முரணாக எதுவும் இல்லை என்ற பதில் வந்த சம்பவங்களும் உண்டு. சிங்களம் படித்து விளங்கிக்கொள்ளப் போதிய ஆட்கள் அந்த நிறுவனத்திடம் இருக்கவில்லை. 2020 மே மாதம் அந்த நிறுவனமே தன் தளம் இலங்கையில் தவறாகப் பயன்பட்டதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இரண்டு வருடம் கழித்து.

மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாவற்றையும் மூடியது. படிப்படியாகத் திறந்து பேஸ்புக் திரும்பி வர மார்ச் 15 ஆனது. முதல் பையன் கேட்கும் கன்ட்ரோல் இதுதான்: மெயின் சுவிட்சை நிறுத்துவது.

இது எப்படி நடக்கிறது? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு டயலொக், மொபிடெல், ஹட்ச் போன்ற கம்பனிகளுக்குப் பணிப்புரை அனுப்பும். உங்கள் போன் பேஸ்புக்கின் முகவரியைக் கேட்கும்போது கம்பனி பதில் கொடுக்காது, அல்லது அந்த முகவரிக்குப் போகும் பாதையை அடைத்துவிடும். இதைச் சுற்றிப் போகும் வழிதான் வீபீஎன். உங்கள் தகவலை மூடிய உறைக்குள் போட்டு வேறு நாட்டில் உள்ள ஒரு கணினிக்கு அனுப்பி, அங்கிருந்து திறக்க வைப்பது. கம்பனிக்கு உறை மட்டும்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. அந்த ஒரு கிழமையில் வீபீஎன் என்றால் என்னவென்று தெரியாத வீட்டிலும் அந்தச் சொல் புழங்கத் தொடங்கியது.

கேம் ஆடுகிறவனுக்கு இதில் இன்னொரு கஷ்டம் உண்டு, அது பெரியவர்களுக்குத் தெரிவதில்லை. குண்டசாலையிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர். பல கேம்களின் சேர்வர் அங்கே இருக்கிறது. கண்ணாடி இழைக்குள் ஒளி செக்கனுக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்வர எப்படிப் பார்த்தாலும் 27 மில்லிசெக்கன் வேண்டும். வளைவு நெளிவெல்லாம் சேர்ந்தால் அதைப்போல இரண்டு, மூன்று மடங்கு. பையன்கள் 'பிங்' என்று சொல்வது இந்த நேரத்தைத்தான். வீபீஎன் போட்டு ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு போனால் பிங் 300ஐத் தாண்டும். நீ சுடுவதற்கு முன்னாலேயே உன்னைச் சுட்டிருப்பான். பேஸ்புக் கணக்கோடு இணைத்து வைத்த கேம் என்றால் வீபீஎன் இல்லாமல் உள்ளே நுழைவதே சிரமம். ஆகவே மெயின் சுவிட்சை நிறுத்தினால் கலவரக்காரனும் கேம் ஆடுகிறவனும் வெளிநாட்டில் இருக்கும் மகனோடு வட்ஸ்அப்பில் பேசும் அம்மாவும் ஒரே இருட்டில்தான் இருக்க வேண்டும். திட்டம் போட்டு வந்தவன் வீபீஎன் தேடிக்கொள்வான். அம்மா தேடமாட்டார்.

சுவிட்சின் இன்னொரு குணம், ஒருமுறை கைக்குப் பழகினால் திரும்பத் திரும்பக் கை அங்கேயே போகும். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு மூடினார்கள். மே மாதம் வடமேல் மாகாணத்தில் வன்முறை வந்தபோது மறுபடி. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மூடியபோது எந்த இனக் கலவரமும் இல்லை. கேஸ் இல்லை, கரண்ட் இல்லை, அதைக் கேட்டு மக்கள் தெருவுக்கு வரப் போகிறார்கள் என்பது மட்டும்தான் காரணம். பாதுகாப்பு அமைச்சின் கோரிக்கையில் மூடியதை அன்று பிற்பகலே திறக்க வேண்டி வந்தது. திகனவுக்காகச் செய்த பூட்டு நாலு வருடத்தில் அரசாங்கத்தின் சொந்தக் கதவுக்கு வந்துவிட்டது.

சரி, சுவிட்சைத் தொட வேண்டாம், தப்பாக எழுதியவனை மட்டும் பிடிக்கலாமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குச் சட்டம் 2007ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. ஐ.சி.சி.பி.ஆர். சட்டம் என்று பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். இன, மத வெறுப்பைத் தூண்டுவது அதன்படி குற்றம், பிணை எடுப்பது சிரமம். அது யார் மேல் பாய்ந்தது என்பதற்கும் நாம் தூரம் போக வேண்டியதில்லை, கட்டுகஸ்தோட்டை போதும். அரச சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ரம்ஸி ராசிக் பேஸ்புக்கில் இன நல்லிணக்கம் பற்றி எழுதி வந்தவர். 2020 ஏப்ரலில், கொரோனாவைச் சாட்டி முஸ்லிம்கள் மேல் வெறுப்பு கொட்டிய நாட்களில், இதற்கு எதிராகப் பேனாவாலும் கீபோர்டாலும் கருத்துப் போர் செய்ய வேண்டும் என்று எழுதினார். 'ஜிஹாத்' என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தார். கொலை மிரட்டல் வந்தது. பொலிஸில் முறைப்பாடு செய்தார். மறுநாள், ஏப்ரல் 9ஆம் திகதி, கைதானது அவர்தான். ஐந்து மாதத்துக்கு மேல் விளக்கமறியல். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்புச் சொன்னது.

திகனவும் கட்டுகஸ்தோட்டையும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பஸ் பயணத் தூரம். வெறுப்பைப் பரப்பியவர்களை நேரத்துக்குத் தடுக்காத ஒரு சட்டம், வெறுப்பை எதிர்த்து எழுதியவரை ஐந்து மாதம் உள்ளே வைத்தது. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் இணையச் சட்டம் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

அதே 2023 நவம்பரில்தான், இணையப் பதிவுகளுக்காக அரசாங்கம் கொண்டுவந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் பற்றி உயர் நீதிமன்றத்தின் தீர்மானமும் வந்தது. மூன்றில் இரண்டு பெரும்பான்மை இல்லாமல் நிறைவேற்றுவதானால் 31 வாசகங்களைத் திருத்த வேண்டும் என்றது. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 என்ற வாக்கில் அது நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் கையொப்பமிட, 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமானது. ஐந்து பேர் கொண்ட ஓர் ஆணைக்குழு, அரசியலமைப்புப் பேரவையின் சம்மதத்தோடு ஜனாதிபதி நியமிப்பது. பொய்யான கூற்று என்று ஆணைக்குழு கண்டதை நீக்கச் சொல்லி அறிவித்தல் வந்தால் 24 மணித்தியாலம் தவணை. நாட்டின் பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலான பொய்க்கு ஐந்து வருடம் வரை சிறை. பொய் என்று தெரிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு சொன்னால்தான் பொய்க்கூற்று, நல்லெண்ணத்தில் சொன்ன கருத்து அதில் சேராது என்று வரைவிலக்கணம் சொல்கிறது. காகிதத்தில் இது நல்ல பாதுகாப்பு. ஆனால் நோக்கம் இருந்ததா இல்லையா என்பது வழக்கு விசாரணையின் கடைசியில்தான் தெரியும், விளக்கமறியல் முதல் நாளே தொடங்கிவிடும். ரம்ஸி ராசிக்குக்கு நடந்தது அதுதான்.

நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று இதைவிட முக்கியம். இலங்கை அரசியலமைப்பின் 80(3)ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டம் செல்லுபடியாகுமா என்று எந்த நீதிமன்றத்திலும் கேட்க முடியாது. கேட்பதானால் சட்டமூலமாக இருக்கும்போதே கேட்க வேண்டும். நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்று அப்போதைய பாராளுமன்ற உறுப்பினர் எம்.ஏ. சுமந்திரன் உயர் நீதிமன்றம் போனார். மனு அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. அரசாங்கங்கள் திருத்துவோம் என்று சொல்வதைத்தான் அன்று முதல் கேட்டு வருகிறோம்.

இந்தியாவில் அப்படி இல்லை. பேஸ்புக்கில் எழுதியதற்காகப் பிள்ளைகளைக் கைது செய்ய உதவிய 66ஏ பிரிவை, அது சட்டமாகிப் பல வருடம் கழித்து, 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அடியோடு நீக்கியது. தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்தில், ரம்மியையும் போக்கரையும் அடியோடு தடை செய்த பகுதியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் வெட்டியது, மற்றதை விட்டுவைத்தது. பிறகு அரசு தடையை விட்டு ஒழுங்குக்கு வந்தது: காசு கட்டி ஆடும் கேமில் 18 வயதுக்குக் கீழே யாரும் சேரக்கூடாது, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழைய முடியாது. கம்பனிகள் வழக்குப் போட, இதை நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றுக்கொண்டது. காசு இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் குடும்பங்கள் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அந்தப் பூட்டு போட்ட இடம் எனக்குச் சரியாகவே படுகிறது, ஏனென்றால் அது தொடுவது பணம் போகும் வழியை. யாருடைய பேச்சையும் தொடவில்லை. 2025 ஆகஸ்டில் இந்திய மத்திய அரசு காசு ஆட்டங்களை ஒரேயடியாகத் தடை செய்தது வேறு கதை.

அப்படியானால் ஃப்ரீ ஃபயர்? திருச்சியில் இருக்கும் எங்கள் உறவுக்காரப் பையன் 2022 பெப்ரவரியில் இங்கே போன் பண்ணி அழாத குறை. பப்ஜியை இந்தியா 2020 செப்டம்பரில் நிறுத்தியது, ஃப்ரீ ஃபயரை 2022இல். பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்பதற்காகத் தடை என்று பெற்றோர் பலர் சந்தோஷப்பட்டார்கள். அரசாணையில் அந்தக் காரணமே இல்லை. சீனத் தொடர்பு, பயனர் தகவல் எங்கே போகிறது என்ற பாதுகாப்புக் கவலை, அவ்வளவுதான். பிள்ளைக்காக வந்த சட்டம் வேண்டுமென்றால் தென்கொரியாவைப் பாருங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்கள் நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று 2011இல் சட்டம் போட்டார்கள். பிள்ளைகள் அம்மா அப்பாவின் அடையாள இலக்கத்தில் நுழைந்தார்கள், பிறகு எல்லோரும் போன் கேமுக்கு மாறினார்கள். பத்து வருடம் பார்த்துவிட்டு அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது பையனின் பயத்துக்கும் வருகிறேன். நிகழ்நிலைக் காப்புச் சட்டம் கேமை மூட வந்த சட்டம் அல்ல. ஆனால் அது பேசும் 'நிகழ்நிலை அமைவிடம்' இணையத்தளத்தோடு நின்றுவிடவில்லை, அரட்டை அறைகளையும் சேர்த்துக்கொள்கிறது. கேமுக்குள் இருக்கும் சட் பெட்டி அதில் வராது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. தோற்ற ஆத்திரத்தில் பதினைந்து வயதுப் பிள்ளை தட்டும் ஒரு வரியை யாராவது ஸ்கிரீன்ஷொட் எடுத்தால் அது எங்கே போய் நிற்கும் என்பதை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு தீர்மானிக்கக்கூடாது என்பதே என் நிலை. நீதவான் முன்னால் போகட்டும், அதுவும் கைதுக்கு முன்னால். பேஸ்புக் போன்ற கம்பனிக்கு வேறு கடமை: சிங்களமும் தமிழும் படிக்கத் தெரிந்த ஆட்களை வைத்திரு, முறைப்பாட்டுக்கு இத்தனை மணித்தியாலத்தில் பதில் சொல், சொல்லாவிட்டால் தண்டம் கட்டு. 2018 மார்ச்சில் எங்கள் வீதிக்குத் தேவைப்பட்டது அதுதான்.

அன்று விறாந்தையில் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. தர்க்கம் அடங்கி அடுத்த மேட்ச் தொடங்கியதும், எதிர் அணியில் யாரோ ஒருவன் மைக்கில் 'தெமளா', 'தம்பியா' என்று தமிழரையும் முஸ்லிம்களையும் இகழத் தொடங்கி வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னான். எங்கள் பையன்களில் ஒருவன் தமிழ், ஒருவன் முஸ்லிம், இருவர் சிங்களம். சிங்களப் பையன் ஒருவன்தான் முதலில் ஆட்டத்தை நிறுத்தி ரிப்போர்ட் பொத்தானை அழுத்தினான். காரணத்தைத் தெரிவு செய்யச் சொல்லி ஒரு பட்டியல் வந்தது, முழுவதும் ஆங்கிலத்தில். "அங்கிள், இதில எது?" என்று போனை என் பக்கம் நீட்டினான்.