பந்து சுழற்றிய ஈ

ஊமைப்படக் காலத்தில் மிருகங்களை எப்படிப் பழக்கினார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நாய் விஷயம் சுலபம். 1905-இல் இங்கிலாந்தில் வெளிவந்த ‘ரெஸ்க்யூட் பை ரோவர்’ படத்தில், திருட்டுப்போன குழந்தையைத் தேடிக் கண்டுபிடிக்கும் ரோவர், தயாரிப்பாளர் செசில் ஹெப்வொர்த் வீட்டு நாய் பிளேர். குழந்தை அவர் மகள். தாயாக நடித்தவர் அவர் மனைவி. வீட்டுக் குழந்தையைத் தேடிப்போக வீட்டு நாய்க்குச் சொல்லியா தர வேண்டும்? பிரதி எடுத்து எடுத்தே நெகட்டிவ் தேய்ந்துபோக, முழுப் படத்தையும் இன்னும் இரண்டு முறை எடுத்தார்கள்.

என் மனசு நிற்பது ஓர் ஈயிடம். லண்டனில் குமாஸ்தாவாக இருந்த பெர்சி ஸ்மித் எடுத்து 1910-இல் வெளிவந்த ‘தி அக்ரோபாட்டிக் ஃப்ளை’ படத்தில், நீலம் மின்னும் ஈ ஒன்று தன்னைவிடப் பெரிய உருண்டையைக் கால்களால் விடாமல் சுழற்றுகிறது. புல்லைக் கொடுத்தால் அதையும் சுழற்றுகிறது. கழைக்கூத்தாடி தோற்றான். ஈயை வதைக்கிறாரோ என்று சந்தேகம் கிளம்ப, அதற்கு ஒன்றும் நேரவில்லை என்று ஸ்மித் விளக்க வேண்டியிருந்தது.

எனக்கு இது புதிதில்லை. சின்ன வயதில் தட்டானை இறக்கையோடு பிடித்துக் கல் தூக்கவிடுவோம். கூழாங்கல்லைக் காலடியில் காட்டினால் போதும், ஆறு காலாலும் கவ்விக்கொள்ளும். யார் கல் பெரிசு என்று பந்தயம் வேறு. “அதுக்குக் கால் வலிக்காதாடா?” என்பாள் ஆச்சி.

சூட்சுமம் பாதத்தில் இருக்கிறது. பிடிமானம் போனதும் ஈ இறக்கை அடிக்கத் தொடங்கும். பாதத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் நிறுத்திவிடும். முதுகைக் கட்டிவிட்டு உருண்டையைக் கொடுத்தால் அதுதான் ஈக்குத் தரை. பாவம், அது வித்தை காட்டவில்லை, எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. இன்று ஈயின் மூளையை ஆராய்கிறவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: முதுகை ஒட்டிவிட்டு, காற்றில் மிதக்கும் குட்டி உருண்டைமேல் நடக்கவிடுகிறார்கள்.

ஆக, பழக்கியது ஒன்றுமில்லை, கட்டிப்போட்டதுதான். திரையில் மிருகம் செய்வதையெல்லாம் ‘நடிப்பு’ என்று நாம் கைதட்டும்போது அந்தக் கட்டு கண்ணில் படுவதில்லை. ஈக்காவது பரிந்து பேச ஆள் இருந்தது. 1903 ஜனவரியில் நியூயார்க்கின் கோனி தீவில், பல வருஷம் சர்க்கஸில் உழைத்த டாப்சி என்ற யானையை, ஆபத்தானது என்று சொல்லி மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். எடிசன் கம்பெனி அதையும் படம்பிடித்தது. ஒரு நிமிஷத்துக்குச் சற்றே கூடுதலாக ஓடும் படம். நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.