மோதிரம் வெளுத்தால் முகத்தைக் கவனியுங்கள்!

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். கான்சாபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டும். வீட்டு அம்மணி என்ன செய்வார்? முதலில் பீரோவைத் திறந்து நகைகளை எடுத்து மாட்டிக்கொள்வார். (சில வீடுகளில் பீரோ இருப்பது அடகுக் கடையில்!) அப்புறம்தான் முகத்துக்கு க்ரீம், கழுத்துக்குப் பவுடர், கடைசியாக 'புஸ்... புஸ்...' என்று சென்ட்! வீட்டுக்காரர் வாசலில் நின்று வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிப்போட்டாலே நகைக்கு ஆயுசு கெட்டி. பூச்செல்லாம் முதலில். தோல் நன்றாகக் காய்ந்த பிறகு நகை. வீடு திரும்பியதும் முதலில் கழற்றுவதும் நகையைத்தான்.

'916 தங்கமாச்சே, அதுக்கு என்ன ஆகிடும்?' என்கிறீர்களா? 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம். மீதி செம்பு, வெள்ளி மாதிரி உலோகங்கள். சாதாரண க்ரீமுக்கெல்லாம் தங்கம் அசைந்து கொடுக்காது. ஆனால், க்ரீமின் எண்ணெய்ப் பசை சங்கிலிக் கண்ணிகளிலும் கல்லுக்கு அடியிலும் போய் உட்கார்ந்துகொண்டு பவுடரையும் தூசியையும் பிடித்து வைக்கும். பளபளப்பு போச்சு! பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, மெத்தென்ற பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பேஸ்ட், பல்பொடி வேண்டாம், கீறல் விழும். அரக்கு வைத்துக் கல் பதித்த பாட்டி காலத்து நகையா? வெந்நீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அரக்கு இளகினால் கல் கழன்று வந்துவிடும்.

கொலுசு கறுத்தால் 'உடம்புச் சூடு' என்று மோரைக் குடிப்பவர்கள் உண்டு. வெள்ளியைக் கறுப்பாக்குவது கந்தகம். காற்றிலேயே அது கொஞ்சம் இருக்கிறது. பருவுக்கும் அரிப்புக்கும் போடும் சில சோப்புகளிலும் களிம்புகளிலும் நிறையவே இருக்கிறது. அவற்றைப் பூசும் நாட்களில் வெள்ளி நகைக்கு லீவு கொடுங்கள்.

முத்து இன்னும் சாது. அது சுண்ணாம்புச் சத்தால் ஆனது. எலுமிச்சைச் சாறு கலந்த 'ஃபேஸ் பேக்' பட்டால் மேல்பூச்சு அரித்துப் போகும். கழற்றியதும் ஈரத்துணியால் ஒற்றித் துடைத்து வையுங்கள். கவரிங் நகையில் தங்கம் என்பது மேலே ஒரு மெல்லிய முலாம்தான். வியர்வையும் சென்ட்டும் சேர்ந்தால் சீக்கிரம் சாயம் வெளுத்துவிடும்.

தங்கம் வெள்ளியானால்..?

இதுவரை சொன்னது நகைக்கு வரும் ஆபத்து. இனி உங்களுக்கு வரும் ஆபத்து!

தெர்மாமீட்டர் உடைந்து, உருண்டோடும் பாதரசத்தை மோதிரக் கையால் பொறுக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தங்க மோதிரம் வெள்ளி மோதிரமாகியிருக்கும். பாதரசத்துக்குத் தங்கத்தைக் கண்டால் அப்படி ஓர் ஒட்டுதல்!

தெர்மாமீட்டர் எதுவும் உடையவில்லை, ஆனாலும் மோதிரம் வெள்ளை வெள்ளையாகத் திட்டுப் பிடிக்கிறது என்றால், 'ஏழே நாளில் சிவப்பழகு' டப்பாவைச் சந்தேகப்படுங்கள். நிறத்தை வெளுக்கவைக்கப் பாதரசம் கலந்த க்ரீம்கள் உலகம் முழுக்கத் திருட்டுத்தனமாக விற்பனையாகின்றன. சில டப்பாக்களிலேயே 'தங்கம், வெள்ளி, அலுமினியம், ரப்பர் இவற்றில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று போட்டிருக்கும். தங்கத்தில் படக்கூடாததை முகத்தில் பூசச் சொல்கிறார்கள்! இப்படி ஓர் எச்சரிக்கை இருந்தால் உள்ளே பாதரசம் இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கான்சாபுரத்திலிருந்து பார்த்தால் மேற்கே மலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா. அங்கே மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனைக்கு, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒரு வகை கிட்னி நோயோடு 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பருக்குள் 22 பேர் வந்தார்கள். இவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரு ரகம். டாக்டர்கள் துருவித் துருவி விசாரித்ததில், அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்! பெரும்பாலானோருக்கு, க்ரீமை நிறுத்தியதும் நோய் கட்டுப்பட்டது என்பதுதான் ஆறுதல்.

நம் நாட்டுச் சட்டப்படி முகத்துக்குப் பூசும் க்ரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. தன்னையறியாமல் கலந்தாலும் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஆகவே, தயாரித்தவர் விலாசம், லைசென்ஸ் நம்பர், உள்ளே இருக்கும் பொருட்களின் பட்டியல் இந்த மூன்றும் இல்லாத டப்பாவைக் கையால் தொடாதீர்கள்.

ஏற்கெனவே பூசிவிட்டீர்களா? உடனே நிறுத்துங்கள். 'எனக்கு ஒத்துக்கலை, நீ போட்டுக்கோ' என்று தங்கச்சிக்குத் தானம் பண்ணாதீர்கள். காலில் வீக்கம், சிறுநீரில் நுரை என்றால் டாக்டரிடம் போய் க்ரீம் விஷயத்தையும் சொல்லுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. பூசியவர் கையிலிருந்தும் துண்டிலிருந்தும் பாதரசம் குழந்தைக்கும் போகும்.

வெளுத்த மோதிரத்தை அடுப்பில் காட்டி 'சரி' பண்ணுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் பாதரசம் ஆவியாகும்; அந்த ஆவி விஷம். நகை ஆசாரியிடம் கொடுக்கும்போதும் 'இதில் பாதரசம் பட்டிருக்கலாம்' என்று சொல்லிவிடுங்கள். பாவம், ஊதுகுழலோடு குனிந்து உட்காரப்போவது அவர்தானே!

இன்னொன்று: மோதிரம் வெளுக்கவில்லை என்பதால் க்ரீம் நல்லது என்று அர்த்தமில்லை. பாதரசம் இருந்தும் மோதிரத்தில் படாமல் போயிருக்கலாம்.

நகை மங்கினால் பூந்திக்கொட்டை இருக்கிறது. கிட்னி மங்கினால்..?