ரத்தக்குழாய் அடைப்பை தின்று தீர்க்க 'நானோ' துகள்: எலி, பன்றிகளிடம் நடந்த சோதனையில் பலன்

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்..."

மாரடைப்பில் இறந்தவர் வீட்டில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஆனால் மாரடைப்பு பெரும்பாலும் ஒரே ராத்திரியில் உருவாவது அல்ல. ரத்தக்குழாய் சுவரில் பல வருடமாக கொழுப்பு படிகிறது. ஒருநாள் அந்த படிவு வெடிக்கிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்கிறது.

இந்த படிவை 'நானோ' துகள் மூலம் குறைக்கும் முயற்சியில் அமெரிக்க விஞ்ஞானிகள் இறங்கி உள்ளனர். அதுபற்றிய விவரம் வருமாறு:-

ஒரு மீட்டரை 100 கோடி துண்டாக்கினால் ஒரு துண்டுதான் ஒரு நானோ மீட்டர். தலைமுடியின் தடிமன் சுமார் 80 ஆயிரம் நானோ மீட்டர் என்றால், இது எவ்வளவு பொடிசு என்பது புரியும்.

'என்னை தின்னாதே'

செத்த செல்களை தின்று சுத்தம் செய்ய உடம்பிலேயே 'மேக்ரோபேஜ்' என்ற அணுக்கள் இருக்கின்றன. ஆனால் கொழுப்பு படிவில் கிடக்கும் செத்த செல்கள், "என்னை தின்னாதே" என்று சிக்னல் கொடுத்து தப்பித்துக்கொள்கின்றன. குப்பை தேங்கி படிவு பெருக்கிறது.

அந்த சிக்னலை தடுக்க மருந்து உண்டு. ஆனால் அது உடம்பு முழுக்க பரவினால், நல்ல ரத்த சிவப்பு அணுக்களையும் மேக்ரோபேஜ் தின்றுவிடும். ரத்தசோகை வந்துவிடும்.

இதற்குத்தான் நானோ துகள். ஸ்டான்போர்டு, மிச்சிகன் மாநில பல்கலைக்கழக விஞ்ஞானிகள், கார்பனால் ஆன நானோ குழாயில் மருந்தை ஏற்றினார்கள். படிவுக்கு போகும் அணுக்களே அதை விழுங்கி, உள்ளே போய் சிக்னலை துண்டித்தன. எலிகளுக்கு படிவு குறைந்தது. இந்த முடிவு 2020-ல் வெளியானது. பன்றிகளிடம் நடந்த சோதனை முடிவு 2024-ல் வந்தது. அதில் ரத்தக்குழாய் அழற்சி குறைந்தது. ரத்தசோகையும் வரவில்லை.

கண்டுபிடிக்கவும் உதவும்

ஆஞ்சியோகிராம், குழாய் எவ்வளவு சுருங்கி இருக்கிறது என்பதை காட்டும். எந்த படிவு வெடிக்கும் என்பதை காட்டாது. இரும்பு ஆக்சைடு நானோ துகளை செலுத்தினால் மேக்ரோபேஜ் அதை தின்னும். அழற்சி உள்ள இடம் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் கருப்பாக தெரியும். இந்த முறையும் ஆராய்ச்சியில் உள்ளது.

உஷார்

படிவை தின்ன வைக்கும் இந்த மருந்து கடைக்கு வரவில்லை. 'நானோ மருந்து, அடைப்பை கரைக்கும்' என்று யாராவது விற்றால் நம்பி ஏமாற வேண்டாம். டாக்டர் கொடுத்த கொழுப்பு, பிரஷர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டு இருக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு போவதுதான் உயிரை காப்பாற்றும்.