நாய்க்குக் கோட்டு தைக்கணுமா? முதல்ல மார்பை அளந்துடுங்க!

'நாய்க்குப் போய்க் கோட்டா?' என்று சிரிக்க வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். சில ராத்திரிகளில் குளிர் பூஜ்யம் டிகிரியை நெருங்கிவிடும். விடிந்து பார்த்தால் புல்தரை முழுக்க உப்பைக் கொட்டினாற்போல உறைபனி!

நாய்க்குத்தான் கடவுளே கம்பளி கொடுத்திருக்காரே? பொமரேனியன், ஜெர்மன் ஷெப்பர்டு விஷயத்தில் அது சரி. மேல்முடிக்கு அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு முடி அவற்றுக்கு உண்டு. கோட்டு வெறும் சுமைதான். ஆனால், தென் மாவட்டத்துக் கரிசல் வெயிலில் வளர்ந்த சிப்பிப்பாறை இனத்துக்கு முடியும் குட்டை, உடம்பும் ஒல்லி. குட்டிகளும் வயதான நாய்களும்கூடக் குளிர் தாங்காது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு நடுங்கினால், காலை மாற்றி மாற்றித் தூக்கினால் குளிருகிறது என்று அர்த்தம். கதகதப்பான அறையிலும் நடுக்கம் நிற்கவில்லையா? அது நோயாக இருக்கலாம். கோட்டைத் தேடாமல் கால்நடை டாக்டரைப் பாருங்கள்.

சிப்பிப்பாறைக்கு மார்பு ஆழம், இடுப்போ ஒடிசல். முதுகு நீளத்தை மட்டும் பார்த்து ரெடிமேட் வாங்கினால் மார்பில் இறுக்கும். அதனால் டெய்லரிடம் கொடுத்துத் தைப்பதே நல்லது.

எப்படி அளப்பது?

நாலு காலையும் ஊன்றி நிற்க வையுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் அளவு தப்பும். ஒருவர் பிஸ்கெட் காட்டட்டும், இன்னொருவர் இன்ச் டேப்பைப் பிடிக்கட்டும்.

* கழுத்து: பட்டை கட்டுகிற இடத்தில் சுற்றளவு.

* மார்பு: முன்னங்கால்களுக்குச் சற்றுப் பின்னால், நல்ல அகலமான இடத்தில் முழுச் சுற்று. இதுதான் முக்கியம்.

* இடுப்பு: பின்னங்கால்களுக்கு முன்னால் ஒடுங்கும் இடம்.

* முதுகு: கழுத்தின் அடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை. கோட்டு வாலுக்கு ஓரிரு அங்குலம் முன்பே முடியட்டும்.

டேப்பை இறுக்க வேண்டாம். மார்பு 26 அங்குலம் வந்தால் 28 அங்குலமாகத் தைக்கச் சொல்லுங்கள். போட்ட பிறகு துணிக்கும் உடம்புக்கும் நடுவே இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

ஆண் நாய் என்றால் வயிற்றுப் பக்கத் துணியைக் குட்டையாக வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சிறுநீர் பட்டு நனைந்துவிடும். ஈரத் துணி, துணியே இல்லாததைவிட மோசம்! பட்டனும் வேண்டாம், கடித்து விழுங்கிவிடும். ஒட்டிப் பிரிக்கிற வெல்க்ரோ பட்டை போதும்.

போட்டுவிட்டு நடக்க விடுங்கள். அடியைச் சுருக்கி வைத்தால் அக்குளில் பிடிக்கிறது என்று அர்த்தம். தினமும் கழற்றியதும் அக்குளைத் தடவிப் பாருங்கள். சிவந்திருந்தாலோ, முடி உதிர்ந்திருந்தாலோ அந்த இடத்தைத் தளர்த்தித் தைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நமக்கு வியர்ப்பதுபோல நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அதன் இயல்பான உடல் சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அதனால் வெயில் ஏறியதும் கோட்டைக் கழற்றிவிடுங்கள். சென்னை, மதுரைக்காரர்கள் அழகுக்காகப் போட்டுவிட ஆசைப்படவே வேண்டாம்!

போன வருஷக் கோட்டு இந்த வருஷமும் சேரும் என்று நினைக்காதீங்க. குட்டி வளர்ந்திருக்கும், பெரிசு பெருத்திருக்கும். குளிர் தொடங்கும்முன் மறுபடி டேப்பை எடுங்க!